ஜோடி ஆட்டத்தில் கை எங்கே இருக்கிறது?

2006-ல் விஜய் டிவியில் 'ஜோடி நம்பர் ஒன்' வந்தது. அடுத்த வருஷம் கலைஞர் டிவியில் 'மானாட மயிலாட'. 'கெமிஸ்ட்ரி' என்ற சொல் நம் வீட்டு ஹாலுக்குள் நிரந்தரமாகக் குடிவந்தது அந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆடி முடித்து மூச்சு வாங்க நிற்கும் ஜோடியைப் பார்த்து கெமிஸ்ட்ரி சூப்பர் என்பார்கள். இல்லாவிட்டால் கெமிஸ்ட்ரி கொஞ்சம் கம்மி என்பார்கள். என்ன கம்மி, எங்கே கம்மி என்று யாரும் கேட்டதில்லை. சினிமா விமர்சனத்திலும் அந்தச் சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு தகராறு இருக்கு. அது முகத்தை மட்டும் பார்க்கிற சொல். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடும்போது ஆட்டம் நடப்பது முகத்தில் இல்லை. ஒருத்தரின் உள்ளங்கைக்கும் இன்னொருத்தரின் தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் அது நடக்கிறது. அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ஹோல்டு என்று பேர். தமிழில் 'பிடி' என்றே சொல்லிவிடலாம், நல்ல சொல்தான். இந்தப் பிடியைப் பார்க்கத் தெரியாததால் நாம் பால்ரூமையும் லத்தீனையும் ஒரே பையில் போட்டு 'வெஸ்டர்ன்' என்று கட்டிவிடுகிறோம் என்பதுதான் என் புகார்.

முதலில் பால்ரூம். போட்டிகளில் 'ஸ்டாண்டர்டு' என்று அழைக்கப்படும் ஐந்து ஆட்டங்கள்: வால்ட்ஸ், டாங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், குயிக்ஸ்டெப். ஆணின் இடது கை பெண்ணின் வலது கையைப் பிடித்திருக்கும், சுமாராகக் கண் உயரத்தில். ஆணின் வலது கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பின் மேல். பெண்ணின் இடது கை ஆணின் வலது மேற்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே. இதுவரைக்கும் சினிமாவில் பார்த்திருப்போம். பலருக்குத் தெரியாதது, இருவரும் நேருக்கு நேர் நிற்பதில்லை என்பது. பெண் ஆணின் வலப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். இருவரின் வலது பாதி உடம்புகளும், விலாவுக்குக் கீழிருந்து இடுப்பு வரை, தொட்டுக்கொண்டிருக்கும். தலை ஆளுக்கொரு பக்கம். இருவருமே தத்தம் இடப்பக்கம், மற்றவரின் வலது தோளுக்கு மேலாகப் பார்க்கிறார்கள். பெண்ணின் மேலுடம்பு இடப்பக்கமாகவும் பின்னாலும் விரிந்திருக்கும், பூங்கொத்து பிரிந்த மாதிரி.

ஆட்டம் முழுக்க இந்தப் பிடி விடுவதே இல்லை. ஒரு வால்ட்ஸ் ஒன்றரை நிமிஷம் நடந்தால் ஒன்றரை நிமிஷமும் அந்த இரண்டு முழங்கைகளும் இறங்கக் கூடாது. சும்மா நின்றபடியே ஒருமுறை முயன்று பாருங்கள், தோள் எரியும். போட்டி ஆண்கள் போடும் டெயில் கோட்டைக் கையைத் தூக்கி வைத்த நிலையில் தோள் சரியாக உட்காரும்படி வெட்டித் தைப்பார்கள். கையைத் தொங்கவிட்டால்தான் அது கோணலாகத் தெரியும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஏனென்றால் அவர்கள் ஊர் போகிறார்கள். ஸ்டாண்டர்டு ஆட்டங்கள் எல்லாமே அரங்கைச் சுற்றி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், பயணம் செய்யும் ஆட்டங்கள். நிமிஷத்துக்கு 28 முதல் 30 தாளக்கட்டு வரும் வால்ட்ஸில் ஒருவர் முன்னால் நீண்ட அடி எடுத்து வைக்கும்போது மற்றவர் அதே நொடியில், அதே நீளத்தில் பின்னால் போயாக வேண்டும். பின்னால் போகிறவருக்குக் கண் இல்லை. தகவல் உடம்பு வழியாகத்தான் வர முடியும்.

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பழுதான லாரியை இன்னொரு லாரி இழுத்துப் போவதை இரண்டு விதமாகப் பார்த்திருப்பீர்கள். ஒன்று இரும்புக் கம்பி மாட்டி, இன்னொன்று கயிறு கட்டி. கம்பி மாட்டினால் முன்வண்டி பிரேக் போட்டாலும் பின்வண்டிக்கு அது உடனே தெரியும், இழுத்தாலும் தெரியும். நடுவில் தொய்வே கிடையாது. பால்ரூம் பிடி அந்தக் கம்பி.

லத்தீன் கயிறு. ஆனால் எப்போதும் விறைப்பாக வைத்திருக்க வேண்டிய கயிறு.

போட்டி லத்தீனிலும் ஐந்து ஆட்டங்கள்: சா-சா-சா, சம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ். (சால்சா இந்தப் பட்டியலில் கிடையாது. நம்மூரில் லத்தீன் என்றாலே சால்சாதான் நினைவுக்கு வரும், ஆனால் அது வேறு தெருவில் வளர்ந்த பிள்ளை.) ரும்பாவின் மூடிய பிடியைப் பாருங்கள். கைகள் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் இருக்கும், ஆனால் இரண்டு உடம்புகளுக்கும் நடுவே ஒரு சாண் அளவுக்கு இடைவெளி. அந்தப் பிடியும் நாலைந்து தாளக்கட்டுக்கு மேல் தங்காது. ஆண் ஒரு கையை விடுவான், பெண் விலகி விசிறி மாதிரி திறந்து பக்கவாட்டில் நிற்பாள், திரும்பி வருவாள், கைக்குக் கீழே சுற்றுவாள், முதுகு காட்டுவாள், மறுபடி வருவாள். பிடி மாறிக்கொண்டே இருப்பதுதான் இங்கே பிடி. ரும்பாவிலும் சா-சா-சாவிலும் ஜைவிலும் ஜோடி பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றியே ஆடுகிறது. எங்கும் போக வேண்டாம் என்பதால் உடம்பைக் கட்டிப்போட வேண்டியதில்லை. கை வழியாகவே பேசிக்கொள்ளலாம்.

அந்தக் கை தொய்ந்தால் பேச்சு நின்றுபோகும். 'டர்ட்டி டான்சிங்' (1987) பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாம்போ சொல்லித்தரும் நாயகன், கையைத் தொளதொளவென்று விடாதே என்று அந்தப் பெண்ணைத் திட்டுவான். இது உன் இடம், அது என் இடம் என்று கையாலேயே எல்லை போட்டுக் காட்டுவான். காதல் படம் என்று நாம் பார்த்த அந்தப் படத்தின் மிக நல்ல காட்சி ஒரு டெக்னிக் வகுப்பு.

நிற்கும் விதமும் இதிலிருந்தே வருகிறது. வால்ட்ஸில் முன்னடி குதிகாலில் விழுகிறது, நாம் தெருவில் வேகமாக நடப்பது போல. பயணத்துக்கு அதுதான் வசதி. லத்தீனில் பெரும்பாலும் முன்பாதம் முதலில் தரையைத் தொடும், எடையும் முன்பாதத்தின் மேலேயே முன்னோக்கி நிற்கும், எந்த நொடியும் திசை மாற்றத் தயாராக. லத்தீனின் இடுப்பசைவைப் பார்த்து 'இடுப்பை ஆட்டுறாங்க' என்கிறோம். உண்மையில் யாரும் இடுப்பை ஆட்டுவதில்லை. முழங்கால் நீண்டு எடை ஒரு காலில் முழுசாக உட்காரும்போது இடுப்பு தானாக ஒதுங்குகிறது. இடுப்பை மட்டும் தனியாக ஆட்டக் கற்றவர்களை ரும்பாவில் பத்து நொடியில் கண்டுபிடித்துவிடலாம். காலில் ஒன்றும் நடக்காது, மேலே மட்டும் ஊஞ்சல்.

விதிவிலக்குகள் உண்டு, அவைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சம்பாவும் பாசோ டோப்ளேயும் லத்தீன் பட்டியலில் இருந்துகொண்டே அரங்கைச் சுற்றிப் போகின்றன. போவதால் பாசோவில் குதிகால் திரும்பி வருகிறது, மார்பு நிமிர்கிறது, இடுப்பசைவு காணாமல் போகிறது. மறுபக்கம் டாங்கோ: பால்ரூம் குடும்பத்தில் இருந்தாலும் வால்ட்ஸின் ஏற்ற இறக்கம் கிடையாது, முழங்கால்கள் மடங்கியே இருக்கும், ஆணின் வலது கை முதுகில் இன்னும் உள்ளே போகும், பெண்ணின் இடது கை அவன் கைக்கு அடியில் சென்று பிடிக்கும். ஆக பிடியைத் தீர்மானிப்பது 'ஐரோப்பா - லத்தீன் அமெரிக்கா' என்ற ஊர்க்கணக்கு இல்லை. போகிறார்களா, நிற்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி.

ஊர்க்கணக்கைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு குடும்பங்களின் சட்டப்புத்தகமும் பெருமளவுக்கு லண்டனில் எழுதப்பட்டவை. இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் என்ற ஆசிரியர் சங்கம் 1904-ல் தொடங்கி, 1924-ல் தனி பால்ரூம் பிரிவு வைத்து, அடி, பிடி, தலை எல்லாவற்றையும் வரையறுத்தது. பிளாக்பூல் நடன விழா 1920-ல் ஆரம்பம். லத்தீன் பக்கம் பியர் என்று அறியப்பட்ட லண்டன்வாழ் பிரெஞ்சு ஆசிரியர் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கியூபா போய், அங்கே ரும்பாவை இரண்டாம் தட்டில் தொடங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, டோரிஸ் லாவெல்லோடு சேர்ந்து அதை இங்கிலாந்தில் நிலைநாட்டினார். அப்போது ஆசிரியர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. இன்று போட்டியில் நாம் பார்க்கும் நீட்டிய கால், நிமிர்ந்த முதுகு, விரித்த விரல்கள் எல்லாம் அந்தப் பயணத்துக்குப் பிறகு சேர்ந்த அலங்காரம். கியூபாவின் தெரு ரும்பா ஆட்டக்காரரிடம் காட்டினால் இது யாருடைய பிள்ளை என்று கேட்பார்.

சரி, நம் பக்கம் வருவோம்.

ஆணும் பெண்ணும் பிடித்துக்கொண்டு ஆடும் ஆட்டம் நம் வட்டாரத்துப் பழைய ஆட்டங்களில் எனக்குத் தெரிந்து இல்லை. கும்மியில் அவரவர் கையை அவரவரே தட்டுகிறார்கள். கோலாட்டத்தில் கோல் கோலைத் தொடும், கை கையைத் தொடாது. குறவன் குறத்தி ஆட்டம் ஜோடி ஆட்டம்தான், ஆனால் பிடி ஆட்டம் கிடையாது. பிடி ஆட்டம் நமக்கு ரயில்வே இன்ஸ்டிடியூட்டுகளின் மரத்தரை வழியாக வந்தது. பெரம்பூர், ஜோலார்பேட்டை ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வால்ட்ஸும் ஜைவும் ஆடிய தரை. கோலார் தங்கவயலின் வெள்ளைக்கார கிளப்பும் அப்படித்தான். தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், கிளப்பில் ஆடியவர்கள் அவர்கள் இல்லை. அந்த ஆட்டத்தை நாம் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தோம். தமிழ் சினிமாவும் ரொம்ப காலம் அங்கேதான் நின்றது. பழைய படங்களில் கிளப் காட்சி வந்தால் பின்னணியில் கோட்டும் கவுனும் போட்ட ஜோடிகள் பிடித்தபடி மெல்ல அசைந்துகொண்டிருக்கும். அந்தப் பிடிக்கு ஒரே அர்த்தம்தான்: இது கெட்டுப்போன இடம், வில்லன் இங்கேதான் வருவான்.

பிறகு ட்விஸ்ட் வந்தது. சப்பி செக்கரின் பாட்டு 1960-ல் உலகமெல்லாம் பரவியது. 'காதலிக்க நேரமில்லை' 1964. அந்தக் காலப் படங்களின் இளைஞர் ஆட்டங்களில் ட்விஸ்ட் அசைவு ஏன் அவ்வளவு சுலபமாக ஒட்டியது என்று யோசித்தால் எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. ட்விஸ்டில் பிடியே கிடையாது. எதிரெதிரே நின்று ஆடலாம், ஜோடி மாதிரியும் இருக்கும், யாரும் யாரையும் தொட வேண்டாம். நவீனமாகவும் ஆச்சு, கற்பும் கெடவில்லை. தமிழ் சினிமாவுக்கு இதைவிட வசதியான இறக்குமதி கிடைத்திருக்குமா!

அதற்குப் பிறகு தொடுவது சகஜமாகிவிட்டது, ஆனால் பிடி வரவில்லை. நம் டூயட்டில் நாயகன் நாயகியின் இடுப்பைப் பிடிக்கிறான், தூக்குகிறான், சுற்றுகிறான், எல்லாம் படத்துக்கான போஸ். மாஸ்டர் எண்ணிச் சொல்லும் எட்டு எண்ணிக்கையை இருவரும் தனித்தனியாக மனப்பாடம் செய்து ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு எந்தத் தகவலும் போக வேண்டிய அவசியமே இல்லை. மூன்று விநாடிக்கு ஒரு வெட்டு, கால் ஃபிரேமுக்கு வெளியே. பிடியின் வேலையை எடிட்டர் செய்துவிடுகிறார்.

'மின்சாரக் கனவு' (1997) படத்தின் 'வெண்ணிலவே' இதில் தனி. பிரபுதேவாவுக்கு நடன அமைப்புக்கான தேசிய விருதை வாங்கித் தந்த படம். அந்தப் பாட்டை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பிடிக்கிறார், விடுகிறார், சுற்றிவிடுகிறார், வந்த கையை மறுபடி வாங்கிக்கொள்கிறார். பாட்டின் மிதப்பை வைத்து இதை வால்ட்ஸ் மாதிரி என்று சொல்லத் தோன்றும். பிடியை வைத்துப் பார்த்தால் அது லத்தீன் பக்கம்தான் சாய்கிறது, திறந்து மூடும் பிடி. கஜோல் பயிற்சி பெற்ற ஆட்டக்காரி அல்ல. ஆனாலும் ஆட்டம் கண்ணை உறுத்தவில்லை என்றால் அதற்கு எதிரே இருந்த கைக்கும் பங்கு உண்டு. இருபது வருஷம் கழித்து 'காற்று வெளியிடை'யில் 'டாங்கோ கேளாயோ' என்று பெயரிலேயே டாங்கோவை வைத்துப் பாட்டு வந்தது. இசையைப் பற்றி நிறையப் பேசினோம். எந்த டாங்கோ, அர்ஜென்டினாவின் மார்போடு சாய்ந்த அணைப்பா, லண்டனின் விறைத்த சட்டமா என்று யாராவது கேட்டதாக நான் படிக்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு அளவுகோலாக இருக்கும் படம் ஜப்பானியப் படம். மசாயுகி சுவோவின் 'ஷால் வி டான்ஸ்?' (1996). ரிச்சர்ட் கியர் நடித்த 2004 ஹாலிவுட் பதிப்பைப் பலர் பார்த்திருப்பார்கள், மூலத்தைத் தேடிப் பாருங்கள். கணவனும் மனைவியும்கூடப் பொது இடத்தில் கை கோக்கத் தயங்கும் ஊரில் பால்ரூம் கற்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்பதிலிருந்தே படம் தொடங்குகிறது. நமக்கு அந்நியமா அது? நாயகன் கணக்கு பார்க்கும் ஆபீஸ்காரன், வால்ட்ஸ் கற்கிறான். அவனுடைய சகா அவோகி விக் வைத்துக்கொண்டு லத்தீன் ஆடுகிறான். இயக்குநர் இங்கே ஒரு கெட்டிக்காரத்தனம் செய்கிறார். லத்தீனைச் சிரிப்புக்கும் வால்ட்ஸை ஏக்கத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். அது லத்தீனுக்கு அநியாயம் என்பது என் கட்சி. ஆனால் ஆசிரியை மாய் பற்றிய பகுதி பிடியைப் பற்றி நான் பார்த்த மிகச் சிறந்த விமர்சனம். பிளாக்பூலில் மோதி விழுந்தபோது ஜோடிக்காரன் தன்னைக் காக்கவில்லை என்று அவனை வெறுக்கிறாள். பல காலம் கழித்து, தான் அவன் பிடிக்குள் இருந்துகொண்டே தனியாகத்தான் ஆடிக்கொண்டிருந்தோம் என்று புரிகிறது. டிவி நடுவர் அன்றைக்கு இருந்திருந்தால் கெமிஸ்ட்ரி சூப்பர் என்றுதான் சொல்லியிருப்பார்.

எங்கள் நாட்றாம்பாளையம் அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில் இருக்கிறது. பொங்கலுக்குப் போனபோது அத்தையிடம் போனில் ஒரு போட்டி வால்ட்ஸ் வீடியோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, ரெண்டு பேருக்கும் சண்டையா? ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றது. அடுத்து ரும்பா. "இவங்க தொடக்கூட இல்ல, ஆனா பாக்கற பார்வை சரியில்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இருபது வருஷ நடுவர் கருத்துகளில் நான் கேட்காத துல்லியம் இது. பால்ரூமில் உடம்பு தொடுகிறது, கண் விலகுகிறது. ரும்பாவில் உடம்பு விலகுகிறது, கண் தொடுகிறது. டிவி ஏன் லத்தீனை விரும்புகிறது என்பதும் இங்கே விளங்கும். குளோசப்பில் அகப்படுவது கண். வால்ட்ஸின் தொடுகை வெளியிலிருந்து தெரியவே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 'சென்ட் ஆஃப் எ வுமன்' (1992) படத்தில் பார்வையற்ற அல் பசீனோ டாங்கோ ஆடும் காட்சியை எல்லோரும் ரொமான்ஸ் என்று பகிர்கிறார்கள். அவர் முன்கூட்டியே தரையின் நீள அகலத்தைக் கேட்டு வைத்துக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள். முன்பின் அறியாத பெண்ணை அவர் நடத்துவது பிடியால் மட்டும்தான், பார்வை என்ற ஒன்று அங்கே இல்லவே இல்லை.

ஓசூரில் எங்கள் ஷிப்டிலிருந்து ஏழெட்டுப் பேர், ஆணும் பெண்ணும், ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு சால்சா வகுப்புக்குப் போனோம். எந்த ஸ்டூடியோ என்பது வேண்டாம். அடி சொல்லித் தந்தார்கள், சுற்றச் சொல்லித் தந்தார்கள், ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருமுறை ஜோடி மாற்றினார்கள். அது நல்ல வழக்கம். ஆனால் கையை எங்கே, எவ்வளவு அழுத்தத்தில் வைக்க வேண்டும் என்று முதல் நாலு வாரம் ஒரு வார்த்தை இல்லை. 'ஃபீல் பண்ணுங்க' என்றார்கள். பையன்கள் ஃபீல் பண்ணியபடி கை இடுப்புக்கு இறங்கியது. எங்களோடு வந்த இரண்டு பெண்கள் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். காரணம் கேட்டவர்களிடம் ஷிப்ட் ஒத்துவரவில்லை என்றார்கள்.

தோள்பட்டை எலும்பு என்று ஒரு வார்த்தை முதல் நாளே சொல்லியிருந்தால் போதும். கை அங்கே இருந்தால் தகவல் போகும். அதற்குக் கீழே இறங்கினால் போவதில்லை, பிடிக்கப்பட்டவருக்குத் திருப்பத்தின் திசை தாமதமாகத்தான் தெரியும். டெக்னிக்படியே தப்பு. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை, 'கை கீழ இறங்குது, லீட் வரல' என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட முடியும். 'ஃபாலோ' செய்வது என்றால் இழுத்த இழுப்புக்குப் போவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் ரும்பாவில் எதிர்க்கையில் அழுத்தம் கொடுக்கிற கையும் அவளுடையது, வால்ட்ஸில் தன் முதுகெலும்பைத் தானே நிறுத்திக்கொள்வதும் அவள்தான். அவள் முதுகைத் தொய்யவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனாலும் அரங்கின் ஒரு மூலையைக்கூடத் தாண்ட முடியாது. 2020-ல் பிபிசியின் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்'கில் நிக்கோலா ஆடம்ஸும் காட்யா ஜோன்ஸும் இரு பெண்களாக ஜோடி சேர்ந்து ஆடினார்கள். பிடியின் வேலை அப்படியேதான் இருந்தது.

அடுத்த முறை ஏதாவது ஜோடி ஆட்டத்தைப் பார்க்கும்போது முதல் அரை நிமிஷம் முகங்களை விட்டுவிடுங்கள். பெண்ணின் முதுகுப்பக்கம் கேமரா வரும் வரை காத்திருந்து, அந்த வலது கையின் விரல்கள் எங்கே முடிகின்றன, முழங்கை தொங்குகிறதா என்று பாருங்கள். நம் சினிமாப் பாட்டுகளில் அந்த ஷாட் வருவதற்குள் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள்.